ஒரு தாளை நான்காகக் கிழியுங்கள்: குறிப்பெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

ஏ4 தாள் ஒன்றை நெடுக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை மடித்து நான்காகக் கிழியுங்கள். கையில் இருப்பது ஏ6 அளவு, அதாவது 10.5 சென்டிமீட்டருக்கு 14.8. ஒரு பக்கம் அச்சாகி வீணாய்ப்போன தாளாக இருந்தாலும் பரவாயில்லை, மறுபக்கம் போதும். குறிப்பெடுத்துப் பழக வேண்டிய முதலீடு இவ்வளவுதான். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றம். ஏதாவது ஒரு செயலியின் பெயரைச் சொல்வேன் என்று காத்திருக்கிறார்கள். செயலிக்கும் வருவோம், ஆனால் அவசரமில்லை.

இது பரீட்சைக்குக் குறிப்பெடுப்பது பற்றியதல்ல. ஒரே விஷயத்தை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படித்து, அதைப் பற்றித் தனக்கென்று ஒரு கருத்து உருவாக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கானது. உங்கள் விஷயம் தேனீ வளர்ப்பாக இருக்கலாம், பங்குச் சந்தையாக இருக்கலாம், சங்கீதமாக இருக்கலாம். என்னுடையது ஏரி. அதனால் உதாரணங்கள் எல்லாம் ஏரியிலிருந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏரியில் எனக்குப் பாடம் சொன்னவள் என் அக்கா மகள். ஊர் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். கரையில் கல்லால் கட்டிய கலங்கலைக் காட்டி, "மாமா, தண்ணி போறதுக்குத்தான் மதகு இருக்கே, அப்புறம் இது எதுக்கு?" என்று கேட்டாள். அதற்குள் நான் ஏரிப் பாசனம் பற்றி நாலைந்து புத்தகம் முடித்திருந்தேன். கோடு போட்டு, ஓரத்தில் நட்சத்திரம் போட்டு, இருநூறு பக்க நோட்டு ஒன்றையும் நிரப்பியிருந்தேன். ஆனால் அவளுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வாக்கியம் வாயில் வரவில்லை. "அதிகத் தண்ணி போறதுக்கு" என்று மழுப்பினேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால் கலங்கல் என்ற சொல் ஏழு இடத்தில் இருக்கிறது. ஏழும் புத்தகத்திலிருந்து அப்படியே இறக்கியவை. நானாக எழுதிய வரி ஒன்றுகூட இல்லை.

சீட்டுப் பெட்டிக்காரர்

ஜெர்மனியில் நிக்லாஸ் லூமன் என்றொரு சமூகவியல் அறிஞர் இருந்தார் (1927–1998). சட்டம் படித்துவிட்டு அரசு வேலை பார்த்துக்கொண்டிருந்த 1950களின் தொடக்கத்தில் துண்டுச் சீட்டுகளில் குறிப்பெழுத ஆரம்பித்தார், கடைசிவரை விடவில்லை. பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தபோது அவர் தன் ஆராய்ச்சித் திட்டத்தைச் சொன்ன விதம் பிரசித்தம். பொருள், சமூகம் பற்றிய கோட்பாடு. காலம், 30 ஆண்டு. செலவு, ஒன்றுமில்லை. சொன்னபடி 1997-இல் அந்தப் பெரிய நூலை முடித்துவிட்டு மறு வருடம் காலமானார்.

அவர் விட்டுப்போனது சுமார் 90,000 சீட்டு. மலைக்க வேண்டாம், 44 வருடத்துக்கு வகுத்துப் பார்த்தால் நாளுக்கு ஆறுகூட வராது. சீட்டும் சாதாரணத் தாள்தான். கெட்டி அட்டையாக இருந்தால் பெட்டி சீக்கிரம் நிறைந்துவிடும் என்று அட்டையைத் தவிர்த்தார். வேறு எதற்கோ பயன்பட்ட தாளின் பின்பக்கத்தில் எழுதியதும் உண்டு.

இணையத்தில் இந்த முறையைச் சுற்றி ஒரு சாத்திரமே எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை வகைக் குறிப்பு, இத்தனை அடுக்கு, இத்தனை வண்ணம் என்று. புதிதாக வருகிறவர் அதில் மாட்டினால் குறிப்பெழுத மாட்டார், குறிப்பெழுதுவது எப்படி என்று காணொளி பார்த்துக்கொண்டே இருப்பார். நானே ஆறு மாதம் அப்படி இருந்தேன்.

படிக்கும்போது: இரண்டு சொல், ஒரு பக்க எண்

நான்காகக் கிழித்த சீட்டில் ஒன்றைப் புத்தகத்துக்குள் பக்க அடையாளமாக வையுங்கள். மேலே புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பு ஆண்டு. படிக்கும்போது எங்காவது மனசு நின்றால், பக்க எண்ணும் இரண்டு மூன்று சொல்லும் மட்டும். என் சீட்டு ஒன்று இப்படி இருக்கிறது:

ப. 43 வண்டல், வயலுக்கு?
ப. 51 கலங்கல் உயரம், சண்டை
ப. 58 இது நம்பும்படி இல்லை

இவ்வளவுதான். இந்தச் சீட்டில் முழு வாக்கியம் எழுதக் கூடாது என்பதை மட்டும் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். முழு வாக்கியம் எழுத ஆரம்பித்தால் கண் புத்தகத்துக்குப் போகும், கை நகலெடுக்கும், ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய வேலை பார்த்த திருப்தியோடு எழுந்துபோவோம். என் இருநூறு பக்க நோட்டு அப்படி நிரம்பியதுதான்.

உரை கேட்கும்போதும் இதேதான். மைக்கேல் பாரடே புத்தகம் கட்டும் கடையில் பயிற்சியாளராக இருந்தபோது, 1812-இல், லண்டனில் ஹம்ப்ரி டேவியின் நான்கு உரைகளைக் கேட்டார். அரங்கில் எடுத்தது சுருக்கக் குறிப்பு. வீட்டுக்குப் போய் அதை விரித்து எழுதி, படம் வரைந்து, தன் தொழில் கைவசம் இருந்ததால் தானே கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு வருடம் டேவியின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. எல்லோருக்கும் வேலை கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை. அரங்கில் ஒரு வேலை, வீட்டில் ஒரு வேலை என்று அவர் பிரித்துக்கொண்டாரே, அதைக் கவனியுங்கள். வீட்டு வேலைக்குத்தான் இப்போது வருகிறோம்.

புத்தகத்தை மூடிவிட்டு

அன்று இரவோ மறுநாளோ உட்காருங்கள். இரண்டு நாளுக்கு மேல் போனால் "வண்டல், வயலுக்கு?" என்பது உங்களுக்கே விடுகதையாகிவிடும். பக்க அடையாளச் சீட்டில் பதினைந்து வரி இருந்தால் அதில் இரண்டு மூன்றுதான் உயிருள்ளது, மற்றதை விட்டுவிடலாம். புத்தகத்தை மூடி எட்டாத இடத்தில் வையுங்கள். புதுச் சீட்டு எடுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு விஷயம்.

கலங்கல் பற்றி என் பழைய நோட்டில் இருந்தது இது:

"கலங்கல்: ஏரியின் உபரி நீரை வெளியேற்றும் அமைப்பு. முழுக் கொள்ளளவு மட்டத்தில் அமைக்கப்படும்."

தப்பில்லை. ஆனால் இதை எழுதியவன் எதையும் யோசிக்கவில்லை. அதையே புத்தகத்தை மூடிவிட்டு, எதிரே அக்கா மகள் நிற்பதாக நினைத்துக்கொண்டு எழுதியபோது இப்படி வந்தது:

"மதகு பயிருக்காக இருக்கிறது, கலங்கல் கரைக்காக இருக்கிறது. ஏரிக்கரை மண்ணால் ஆனது. தண்ணீர் அதன்மேல் ஏறி வழிந்தால் மண்ணை அரித்துக்கொண்டு போகும், கரை உடையும். அதனால் கரையைவிடத் தாழ்வாக ஓரிடத்தைக் கல்லால் கட்டி, வழிவதென்றால் இங்கே வழிந்துகொள் என்று விடுகிறார்கள். வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகிறது. சரி, யாராவது அந்தக் கல்லை ஒரு சாண் உயர்த்தினால்? கீழ் ஏரிக்காரர்கள் சும்மா இருப்பார்களா?"

கடைசி இரண்டு கேள்விகள் புத்தகத்தில் இல்லை. எழுத உட்காரும்போது என் தலையிலும் இல்லை. "அடுத்த ஏரிக்குப் போகிறது" என்று எழுதி முடித்த கை அங்கேயே நிற்காமல் மேலே போனதில் வந்தவை. இந்த முறையைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்த முக்கியமான விஷயம் இதுதான். யோசித்து முடித்துவிட்டு எழுதுவதில்லை, எழுதும்போதுதான் யோசனை நடக்கிறது. எழுத வராத இடத்தில் புரியவில்லை என்று அர்த்தம். அப்போது புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை மட்டும் பாருங்கள், மறுபடி மூடுங்கள், எழுதுங்கள்.

சீட்டின் தலைப்புக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று உண்டு. தலைப்பு வினைமுற்றில் முடிய வேண்டும். "குடிமராமத்து" (ஊரார் கூடி ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிடும் வழக்கம்) என்று தலைப்பு வைத்தால் அது வெறும் பெயர், அதோடு யாரும் உடன்படவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. "குடிமராமத்துக்கு 1858-இலேயே சட்டத்தின் கட்டாயம் தேவைப்பட்டது" என்று வைத்தால், அது உண்மையா, ஏன், யாருக்குத் தேவைப்பட்டது என்று கேள்வி கிளம்பும். வினைமுற்று வரவில்லை என்றால் அந்தச் சீட்டுக்கு இன்னும் சொல்ல ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வேன்.

அப்படியே எடுத்தெழுத வேண்டிய இடங்களும் உண்டு. கல்வெட்டு வரி, சட்டத்தின் வாசகம், பாட்டு. அங்கே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் கட்டாயம் போடுங்கள். போடாவிட்டால் இரண்டு வருடம் கழித்து வேறொருவர் வாக்கியத்தை உங்களுடையது என்று நம்பி வெளியிட்டுவிடுவீர்கள். நான் ஒருமுறை அச்சுக்குப் போவதற்கு முதல் நாள் கண்டுபிடித்துத் தப்பித்தேன்.

சீட்டை எங்கே வைப்பது

எல்லோரும் முதலில் செய்வது தலைப்புவாரியாகப் பிரிப்பது. பாசனம், வரலாறு, சட்டம், வேளாண்மை என்று நான்கு உறை. செய்யாதீர்கள். ஒரு சீட்டு நான்கு உறைக்கும் சொந்தம் கொண்டாடும், நீங்கள் எதிலாவது போட்டுவிட்டு மறப்பீர்கள்.

லூமன் செய்தது வேறு. புதுச் சீட்டு எந்தப் பழைய சீட்டோடு பேசுகிறதோ அதன் பின்னால் செருகினார். அதற்குத் தோதாக எண்ணும் எழுத்தும் மாறி மாறி வரும் எண்முறை. நான் அதைத் தமிழ் எழுத்தில் வைத்துக்கொண்டேன்:

7 – மதகு பயிருக்காக இருக்கிறது, கலங்கல் கரைக்காக இருக்கிறது.
7அ – கலங்கலை உயர்த்தினால் மேலே நிலம் முழுகும், கீழே ஏரி காயும்.
7அ1 – கலங்கலின் உயரத்தை இரண்டு ஊர் சேர்ந்துதான் முடிவு செய்திருக்க வேண்டும்.
7ஆ – ஏரிக்கரையில் பனையை நிழலுக்காக நடவில்லை, வேர் மண்ணைப் பிடிக்கும் என்று நட்டார்கள்.
8 – ...

7 எழுதி மூன்று மாதம் கழித்துத்தான் 7ஆ வந்தது. அதற்குள் 8, 9 என்று நாற்பது வரை போய்விட்டது. இருந்தாலும் 7ஆ-வை இடையில் செருக எந்த எண்ணையும் மாற்ற வேண்டியதில்லை. எங்கே செருகுவது என்று குழப்பமாக இருந்தால் ரொம்ப யோசிக்காமல் அடுத்த முழு எண்ணைக் கொடுத்துவிடுங்கள். தப்பான இடத்தில் வைத்தால் குடி முழுகாது. எண்ணை மட்டும் பிறகு மாற்றாதீர்கள், மற்ற சீட்டுகள் அந்த எண்ணை நம்பிக்கொண்டிருக்கும்.

பெட்டிக்குச் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி சரியாக இருக்கும்.

ஒரு சீட்டு இன்னொன்றைச் சந்திக்கும்போது

சீட்டு எழுதி முடித்ததும் உள்ளே போட்டுவிடாதீர்கள். பெட்டியை ஐந்து நிமிடம் புரட்டி, இது எதோடு ஒத்துப்போகிறது, எதோடு முட்டுகிறது என்று பாருங்கள். கிடைத்தால் அதன் எண்ணை இதில் எழுதுங்கள். வெறும் "12-ஐப் பார்" போதாது. ஏன் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி வேண்டும்.

என்னிடம் 12-ஆம் சீட்டு இருந்தது: "ஏரி ஆழம் குறைவது மழை குறைவதால் அல்ல, மழையோடு வரும் வண்டல் தங்குவதால் நடக்கிறது." பாசனம் பற்றிய புத்தகத்தைப் படித்து எழுதியது. பல வாரம் கழித்து, ரசாயன உரத்துக்கு முந்தைய விவசாயம் பற்றிப் படித்தபோது 31 எழுதினேன்: "கோடையில் ஏரி வண்டலை வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள், அதுவே எருவாயிற்று." பெட்டியைப் புரட்டும்போது 12 கையில் பட்டது. 31-இன் கீழே எழுதினேன்:

"12-உடன் சேர்த்துப் பார்க்க. அப்படியானால் தூர் வாருவது என்று தனியாக ஒரு வேலை பெரிதாக இருந்திருக்காது. வயலுக்கு எரு வேண்டும் என்று மண் எடுத்தவன், அவன் அறியாமலே ஏரியையும் ஆழப்படுத்தியிருக்கிறான். உர மூட்டை வந்ததும் இரண்டும் ஒன்றாக நின்றுபோயிற்றோ?"

நான் படித்த அந்த இரண்டு புத்தகத்திலும் இது இல்லை. ஒன்று ஏரியைப் பற்றிப் பேசியது, மற்றது வயலைப் பற்றிப் பேசியது. இரண்டும் என் செருப்புப் பெட்டியில்தான் சந்தித்தன. கடைசியில் இருக்கும் 'ஓ'-வையும் கவனியுங்கள். ஊகத்தை ஊகம் என்று தெரியும்படி எழுதி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் அடுத்த வருடம் அதை நாமே ஆதாரம் என்று எடுத்துக்கொள்வோம்.

ஊருக்குப் போனபோது பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "உரம் ஒரு காரணந்தான் தம்பி. மண்ணு அள்ள அனுமதி வாங்கணும்னு ஆனதும் யாரு அலையிறது?" என்றார். அது 31அ. பிறகு 2017-இல் விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ளத் தமிழக அரசு அனுமதித்ததைப் பற்றிப் படித்தபோது, அந்தச் செய்திக்கு உட்கார இடம் தயாராக இருந்தது. 31அ1.

எதிர்த்துப் பேசும் சீட்டு

டார்வின் தன் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு பழக்கத்தைச் சொல்கிறார். தன் முடிவுக்கு எதிரான தகவல் கண்ணில் பட்டால் உடனே, தவறாமல் எழுதிவைத்துவிடுவாராம். சாதகமானவற்றைவிட அவைதான் நினைவிலிருந்து சீக்கிரம் நழுவுகின்றன என்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்.

எனக்கு இது சுட்டது. வெள்ளைக்காரன் வரும்வரை ஊரே கூடி ஏரியைப் பார்த்துக்கொண்டது, அவன் வந்து கெடுத்தான் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த கதை. கேட்பவர்களுக்கும் பிடிக்கும். அப்போதுதான் சென்னை மாகாணத்தின் 1858-ஆம் வருடக் கட்டாய உழைப்புச் சட்டம் பற்றிப் படித்தேன். குடிமராமத்து வேலைக்கு வராதவர்களைப் பணிய வைக்கும் சட்டம். எல்லோரும் தாமாகவே வந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு? புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மறந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது, பொய் சொல்வானேன். டார்வினை நினைத்துக்கொண்டு சிவப்பு மையில் எழுதினேன். உடனே அதற்கும் எதிர்க்கேள்வி வந்தது: ஏரி வேலைக்கென்று விடப்பட்டிருந்த மானிய நிலங்கள் அதற்குள் என்ன ஆயின? கூலியை எடுத்துக்கொண்டு வேலையை மட்டும் கேட்டால் யார் வருவார்கள்? அது தனிச் சீட்டு.

அடுத்த அடி உத்திரமேரூரிலிருந்து. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அங்கே கோயில் சுவரில் இருக்கின்றன. ஏரி வாரியத்துக்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்ததை நாம் பெருமையாகச் சொல்வோம். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டை நிதானமாகப் படித்தால், ஓலையில் பேர் எழுதப்பட வேண்டுமானால் வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும், கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஆக "ஊரே கூடி" என்று நான் சொன்னதில் ஊர் என்பது யார்? வண்டி ஓட்டி வண்டல் அடித்தவன் அதில் உண்டா? சிவப்பு மைச் சீட்டு இரண்டாயிற்று.

நான் என் கதையை முழுசாக விட்டுவிடவில்லை. ஆனால் இப்போது அதை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிவதில்லை. உங்கள் பெட்டியில் மூன்று மாதமாகச் சிவப்புச் சீட்டு ஒன்றுகூட விழவில்லை என்றால், ஒரே பக்கத்து ஆட்களையே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தேடினால் கிடைக்க வேண்டும்

நூறு சீட்டு வரை அட்டவணை வேண்டாம். அதற்குமேல் வேண்டும். தத்துவ அறிஞர் ஜான் லாக் 1686-இல் குறிப்பேட்டுக்கு ஓர் அட்டவணை முறையை வெளியிட்டார். சொல்லின் முதல் எழுத்து, அதற்கடுத்து வரும் முதல் உயிரெழுத்து, இந்த இரண்டை வைத்துக் கட்டம் போடுவது. ஐரோப்பிய மொழிகளுக்கு அப்படி இரண்டைத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை, உயிர்மெய் எழுத்திலேயே இரண்டும் இருக்கிறது. ஒரு தாளில் க, கா, கி, கு என்று இடம் விட்டு எழுதிக்கொண்டு, "கலங்கல் 7", "குடிமராமத்து 22" என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரு சொல்லுக்கு இரண்டு மூன்று எண் போதும். லூமனும் அவ்வளவுதான் கொடுத்தார். ஒரு சீட்டைப் பிடித்துவிட்டால் மற்றதற்கு அதுவே வழிகாட்டும்.

கணினியில் வைத்திருப்பவர்களுக்குத் தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதைச் சொல்லாது. "குளம்" என்று தேடினால் "குளத்தில்" கிடைக்காது. "மதகு" என்று தேடினால் "மதகில்" கிடைக்காது. "கலங்கல்" என்று புள்ளியோடு தேடினால் "கலங்கலில்" தப்பிப்போகும். வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் வால் மாறிவிடுகிறது. பல செயலிகளில் வாலை வெட்டித் தேடினால் கிடைக்கும்: "குள", "மதக", "கலங்கல". அதைவிட நல்லது, ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் முக்கியச் சொற்களை அகராதி வடிவில் ஒரு வரி எழுதிவிடுவது. ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறினால் அதையும் சேருங்கள்: கலங்கல், கலிங்கு, கலுங்கு. வடக்கே ஏரி என்பது மதுரைப் பக்கம் கண்மாய், நெல்லைப் பக்கம் குளம். இதைச் செய்யாமல் ஒரு வருடம் எழுதிவிட்டுக் கண்மாய் பற்றிய குறிப்பையெல்லாம் தொலைத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

தாளா, செல்போனா

எதுவாக இருந்தாலும் சரி. 2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்று, மடிக்கணினியில் தட்டச்சு செய்த மாணவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிந்ததாகவும், கையால் எழுதியவர்கள் கருத்துக் கேள்விகளுக்கு நன்றாக விடை சொன்னதாகவும் காட்டியது. அதைத் திருப்பிச் செய்து பார்த்த பிற்கால ஆய்வுகளில் அந்த இரண்டாவது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. அதனால் தாள்தான் உயர்ந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் செல்போனில் நகலெடுத்து ஒட்டுவதற்கு இரண்டு தட்டு போதும், அங்கேதான் கெடுகிறோம். முதல் மாதம் தாளில் எழுதிப் பழகுங்கள். பழக்கம் வந்தபின் ஆப்சிடியன் போல, குறிப்புகளைச் சாதாரண உரைக் கோப்புகளாக நம் கணினியிலேயே வைக்கும் ஒன்றுக்குப் போகலாம். அதில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் இன்னொரு குறிப்பின் பெயரைப் போட்டால் இணைப்பாகிவிடும். நான் முதலில் நம்பிய ஒரு செயலி ஒரு நாள் கடையைச் சாத்திக்கொண்டு போனது. வெளியே எடுத்த கோப்பில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது. அதிலிருந்து, எங்கே எழுதினாலும் உரைக் கோப்பாக ஒரு படி வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதம்.

முதல் மாதம்

நாளுக்கு ஒரு சீட்டு. நல்ல நாளில் இரண்டு. அதற்குமேல் எழுதத் தோன்றினால் பெரும்பாலும் நகலெடுக்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி பெட்டியைச் சும்மா புரட்டுங்கள், புதிதாக எதுவும் எழுத வேண்டாம். நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரத்துப் பாக்கியை அடைக்க முயலாதீர்கள்.

பழைய சீட்டு தப்பென்று தெரிந்தால் கிழித்துப் போடாதீர்கள். மூலையில் "தப்பு, 40-ஐப் பார், வருடத்தைக் குழப்பிக்கொண்டேன்" என்று எழுதி அங்கேயே விடுங்கள். எதில் ஏமாறுகிறோம் என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிடும். நான் ஆண்டுகளில் ஏமாறுகிறவன்.

அப்புறம் சேர்க்கும் வியாதி. திரைப்பிடிப்பு, பிறகு பார்க்கச் சேமித்த காணொளி, குடும்பக் குழுவில் வந்த முன்னனுப்பு. இதெல்லாம் குறிப்பு ஆகாது. வாரத்துக்கு ஒருநாள் உட்கார்ந்து, அதில் எதைப் பற்றியாவது வினைமுற்றில் முடியும் ஒரு வாக்கியம் எழுத வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சீட்டு. வராவிட்டால் அழித்துவிடலாம், ஒன்றும் நஷ்டமில்லை.

தரையில் பரப்புதல்

முப்பது நாற்பது சீட்டு சேர்ந்ததும் எதையாவது எழுதிப் பாருங்கள். இரண்டு பக்கம் போதும். வெள்ளைத் தாளை முறைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டு (முதல் தடவை நான் அணைக்கவில்லை) தொடர்புள்ள சீட்டுகளைத் தரையில் பரப்புங்கள். எது முதலில், எது அதற்குப் பதில், எது வேண்டாம் என்று நகர்த்துங்கள். வரிசை ஓரளவு பிடிபட்டதும் அந்த வரிசையில் எழுதிக்கொண்டு போங்கள். சீட்டுகள் முழு வாக்கியத்தில் இருப்பதால் பாதி வேலை முடிந்திருக்கும். எழுதி முடித்ததும் சீட்டுகள் பழையபடி அவரவர் எண்ணுக்குப் போய்விடும்.

பரப்பும்போது இடைவெளி பளிச்சென்று தெரியும். போன மாதம் ஏரிச் சீட்டுகளைப் பரப்பியபோது 7அ1-க்குப் பிறகு வெறும் தரை. கலங்கலின் உயரத்தை இரண்டு ஊர் சேர்ந்து முடிவு செய்திருக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். யார், எங்கே உட்கார்ந்து, எப்படி முடிவு செய்தார்கள் என்பதற்கு என்னிடம் ஒரு சீட்டும் இல்லை. எல்லாமே மேல் ஏரிக்காரன் பார்வை. ஒரு வெற்றுச் சீட்டில் "கீழ் ஊரில் கேட்க வேண்டும்" என்று எழுதி அந்த இடத்தில் வைத்தேன்.

கீழ் ஊரில் நீர்க்கட்டியாக, அதாவது ஏரித் தண்ணீரை வயல்களுக்குத் திறந்துவிடுபவராக, இருந்தவரின் மகன் இன்னும் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். அக்கா மகளிடம் சொன்னேன், தானும் வருகிறேன் என்றாள். கூடவே, "மாமா, அவங்க கலங்கல் நம்மளத விட உயரமா, குட்டையா?" என்று கேட்டாள். பையில் தாள் கிழித்து வைத்திருக்கிறேன், அளக்க ஒரு நாடாவும்.